எட்டு மூக்குகளில் ஒன்று

போன மாதம் துஷி தொலைபேசியில் அழைத்தாள். மிசிசாகாவில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒலிவ் எண்ணெய் இறக்குமதிக் கொம்பனியில் இப்போது அவள்தான் ஆய்வுகூடத்தைப் பார்க்கிறாள். எண்ணெயின் மணத்தை உறிஞ்சி அளக்கிற இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய சுவைஞர் ஒருவர் வந்து அனுபவத்தைச் சொன்னால் நல்லது என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"அங்கிள், ஒரு அரை மணித்தியாலம் கதைச்சாக் காணும். எப்பிடி ட்ரெய்ன் பண்ணினவை, மதாம் சல்மா எப்பிடியானவ எண்டு. ஃபன்னி ஸ்டோரீஸ் இருந்தாலும் ஓகே."

"பிழை விட்ட கதை சொல்லலாமோ?"

"ஷுவர். லைக், சின்னப் பிழையா?"

வாறன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் நிலைகொள்ள முடியவில்லை. மோர்னிங்சைட் வீதியில் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் நடக்கிறேன். திரும்பி வந்து எழுத உட்காருகிறேன். நாலு வரியில் நிறுத்திவிட்டு மறுபடி சப்பாத்தை மாட்டுகிறேன். "உந்தச் சப்பாத்தும் மனுசர்தான், அதையும் கொஞ்சம் இருக்க விடுங்கோ" என்கிறாள் மனைவி றெஜினா. நான் சொல்ல வேண்டியது அரை மணித்தியாலத்துக்குள் அடங்காது. வாயால் சொன்னால் எங்கேயாவது வழுக்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒலிவ் என்ற சொல் எனக்கு மன்னாரிலேயே பழக்கம். கோவிலில் ஒலிவ மலை என்று கேட்டிருக்கிறேன். உறுதிபூசுதல் அன்று ஆயர் நெற்றியில் பூசிய தைலம் ஒலிவ எண்ணெயில் செய்தது என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார். மரத்தையோ காயையோ கண்டதில்லை. எண்ணெயைக் கையால் தொட்டது பாரிஸில். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் வெட்டி, நாலு வருடம் இருந்தேன். அந்த நாலு வருடத்தில் கையில் மிஞ்சியது பிரெஞ்சு மட்டும்தான். கனடாவுக்கு வந்தபின் அதையும் யாரும் கேட்கவில்லை. மிசிசாகாக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். கப்பலில் வந்த எண்ணெய்ப் பீப்பாக்களை இறக்கி அடுக்குவது என் வேலை.

ஒருநாள் ஒரு பீப்பாவை இறக்கும்போது, "இது ஈரச் சாக்கு மாதிரி மணக்குது" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, வாயோரத்தில் ஒரு துளி கசிந்திருந்தது, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் சிரித்தார். பக்கத்தால் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றார். காதுக்குப் பின்னால் பென்சில், வெள்ளை மேலங்கி.

"எந்தப் பீப்பா?"

காட்டினேன். அவர் என் பெயரைக் கேட்டார். யேசுதாசன் என்றேன், எல்லாரும் தாஸ் என்று கூப்பிடுவார்கள் என்றேன். என் ஆங்கிலத்தின் இழுவையைக் கேட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறினார். அடுத்த கிழமை என்னை ஓர் அறைக்குள் இருத்தி, முன்னால் பன்னிரண்டு கிண்ணங்களை வைத்து, மணம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். இரண்டு இடத்தில் மட்டும் பிழை. அவர்தான் மதாம் சல்மா. கொம்பனியின் சுவைஞர் குழுவுக்குத் தலைவி.

பயிற்சி இரண்டு வருடம் நடந்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. களஞ்சிய வேலையோடு சேர்த்துச் செய்தேன். நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். ஊசல், பூஞ்சணம், வைன் புளிப்பு, பழசாகிக் கெட்ட எண்ணெயின் காறல், ஈ கடித்த காயின் அழுகல், பனி விழுந்த காயின் ஈர விறகு மணம் என்று ஒவ்வொரு குறையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினேன். அதன்பிறகு களஞ்சியத்திலிருந்து என்னை ஆய்வுகூடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள்.

மதாம் சல்மா வடக்குத் துனீசியாக்காரி. "நல்லது" என்று அவர் எங்களில் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதேயில்லை. பிழையாக எழுதினாலும் பிழை என்று சொல்லமாட்டார். ஒரு கிழமை கழித்து அதே எண்ணெயை வேறு இலக்கம் போட்டு மறுபடி முன்னால் வைப்பார். நாங்களாகவே அன்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வெட்கப்பட வேண்டும். எங்களுக்குப் பின்னால் சத்தமில்லாத சப்பாத்தோடு நடந்துகொண்டிருப்பார். அவர் சுவைப்பதில்லை. தலைவி சுவைத்தால் அவர் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்பார்.

முறை இதுதான். செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணி. எட்டுப் பேர், எட்டுத் தடுப்புகள், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. எண்ணெயின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்கக் கடும் நீலக் கிண்ணம். அதன்மேல் கண்ணாடி மூடி. உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் குறைவான சூடு. கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, மற்றக் கையால் மூடி, சுழற்றி, மூடியைத் தூக்கி ஒருதரம் முகர வேண்டும். அரைக் கரண்டி அளவு வாயில் விட்டு, பல்லிடுக்கால் காற்றை இழுத்து, விழுங்க வேண்டும். நல்ல எண்ணெய் தொண்டையில் மிளகுபோல உறைக்கும், சிலவேளை இருமல் வரும். பிறகு ஒரு துண்டு அப்பிள், ஒரு வாய் தண்ணீர். தாளில் ஒவ்வொரு குணத்துக்கும் பத்துச் சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு இருக்கும். எவ்வளவு உணர்கிறோமோ அந்த இடத்தில் ஒரு சிறு வெட்டு. எட்டுப் பேரில் மூன்று பேர் குறை கண்டால் எண்ணெய் தப்பிவிடும். நாலு பேர் கண்டால் தரம் இறங்கும். ஒரு மூக்குத்தான் வித்தியாசம்.

வீட்டிலும் சட்டங்கள் இருந்தன. திங்களும் புதனும் கருவாடு பொரிக்கக் கூடாது. காலையில் பவுடர் இல்லை, மணச் சவர்க்காரம் இல்லை. வெறும் இடியப்பமும் பாலும். "கனடாவிலேயே புருசன்ர மூக்குக்குச் சமைக்கிறவள் நான் ஒருத்திதான்" என்று றெஜினா தன் வேலைத்தலத்தில் சொல்லித் திரிவாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு உள்ளூரப் பெருமை. மன்னாரில் படிப்பை எட்டாம் வகுப்போடு விட்டவன். இங்கே வெள்ளை மேலங்கிக்காரர்கள் ஒரு பீப்பாவைச் சுற்றி நின்று, "தாஸைக் கூப்பிடுங்கள்" என்றார்கள்.

குழுவில் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து மதாம் என்னைத் தன்னோடு துனீசியாவுக்குக் கூட்டிப்போனார். மரத்தைப் பார்க்காதவன் எண்ணெயைப் பற்றிப் பேசக் கூடாதாம். முதலில் தன் ஊர்ப் பக்கத்துக்குக் கூட்டிப்போனார். வெட்டவெளியில் இரண்டிரண்டாக உயரமான கற்கள் நின்றன, வீடு இல்லாத வாசல்கள்போல. ரோமர் காலத்து எண்ணெய்ச் செக்கின் தூண்கள் என்றார். அந்தக் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் எண்ணெய் ரோமுக்குக் கப்பலில் போனது. வெறுமையான சாடிகளை உடைத்துக் குவித்தே ரோமில் ஒரு குன்று எழும்பி இன்றும் நிற்கிறது. "அந்த ஓடுகளில் எடையும் அனுப்பியவன் பெயரும் எழுதியிருக்கிறது, தாஸ். எண்ணெயோடு பெயரும் போகும்" என்றார்.

பிறகு தெற்கே, ஸ்ஃபாக்ஸ். அங்கே ஒரு தோட்டத்தில் லத்தீஃபாவைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். தகப்பனோடு சேர்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்திருந்தது அடர்ந்த சோலை. கண்டது சிவந்த மணல். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு எண்ணிக்கொண்டு நடந்தேன், முப்பது காலடி. இடையில் ஒரு புல் இல்லை, அத்தனையும் உழுதிருந்தது.

"இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே" என்றேன் பிரெஞ்சில்.

லத்தீஃபா சிரித்தார். "சும்மா இல்லை. மேலே பார்த்தால்தான் தூரம். கீழே இந்த மரத்தின் வேர் அந்த மரத்தின் வேரைத் தொடுகிறது. இங்கே மழை கொஞ்சம். புல்லை விட்டால் புல் குடித்துவிடும். நெருக்கி நட்டால் எல்லா மரமும் சாகும்."

அந்தத் தோட்டத்தை நட்டவர் அவருடைய பாட்டனின் தகப்பன். நிலம் வேறொருவருடைய தரிசு. பழைய மரங்களின் அடியில் முண்டு முண்டாக வீங்கியிருக்கும் கட்டையை வெட்டி நட்டிருக்கிறார். அதுவே துளிர்த்து மரமாகுமாம். ஒழுங்காகக் காய்க்கப் பதினைந்து வருடம் பிடித்தது. அதுவரை இடையில் பார்லி விதைத்துச் சாப்பிட்டார்கள். காய்க்கத் தொடங்கியபின், அந்தப் பக்கத்து வழக்கப்படி, பாதி மரங்கள் நிலக்காரனுக்கு, பாதி நட்டவனுக்கு. லத்தீஃபா குடும்பத்திடம் இருந்தது அந்தப் பாதி.

அறுவடை நேரம் அது. பெண்கள் செம்மறிக் கொம்பின் நுனியை வெட்டி விரல்களில் மாட்டிக்கொண்டு, கிளையைத் தலைமுடி கோதுவதுபோலக் கோதினார்கள். சின்னக் காய்கள் வலையில் பொலபொலவென்று விழுந்தன. இந்த வருடம் காய்த்தால் அடுத்த வருடம் மரம் ஓய்வெடுக்கும், கத்தி வைப்பவருக்கு எந்தக் கிளை எந்த வருடத்துக்கு என்று தெரிந்திருக்க வேண்டும் என்று லத்தீஃபா சொன்னார். கத்தரிப்பது அவரேதான். எண்ணெய் மென்மையானது. பச்சைப் பாதாம் மணம், தொண்டையில் மிகச் சிறிய உறைப்பு. பிறகு வருடா வருடம் அந்த எண்ணெய் மிசிசாகாவுக்கு வந்தது, தரம் நல்லதென்ற கடிதம் இங்கிருந்து ஸ்ஃபாக்ஸுக்குப் போனது. இலக்கம் மட்டும் போட்டுத் தந்தாலும் அது எது என்று என் தொண்டைக்குத் தெரியும்.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

கொரோனா முடிந்துவிட்டதென்று எல்லாரும் முகமூடியைக் கழற்றிய பிறகுதான் எனக்கு வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு கிழமை வீட்டில். திரும்பி வேலைக்குப் போகவிருந்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம் ஹோலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். றெஜினா குசினியிலிருந்து வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்னப்பா, ஒண்டும் சொல்லாம இருக்கிறியள்?"

"என்ன சொல்ல?"

"திங்கக்கிழமை எண்டதை மறந்துபோய்க் கருவாடு பொரிச்சுப்போட்டன். வீடு முழுக்க மணக்குது."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். சட்டிக்கு மேலே குனிந்தேன். முகத்தில் சூடு அடித்தது, புகை கண்ணைக் கரித்தது. மணம் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. கோப்பித் தூள் போத்தலைத் திறந்தேன். வினாகிரி. மூக்கில் ஒரு குத்தல் மட்டும். றெஜினா அடுப்பை நிற்பாட்டினாள்.

"நாளைக்குப் போய் மதாமிட்டச் சொல்லுங்கோ."

"ரெண்டு கிழமையில வந்திடும். எல்லாருக்கும் வந்தது தானே."

"வராட்டி?"

"வரும்."

"மூக்கில்லாம மணம் பிடிக்கிற வேலையை எப்பிடிப் பாப்பியள்?"

பார்த்தேன். அதுதான் வெட்கம். கசப்பு நாக்கில் தெரியும். உறைப்பு தொண்டையில் தெரியும். அதற்கு மூக்குத் தேவையில்லை. அந்த இரண்டு கோட்டிலும் சரியாக வெட்டுப் போட்டேன். பழ மணத்தைக் கசப்பை வைத்து ஊகித்தேன். குறைகளுக்கு எல்லாம் பூச்சியம். மற்ற ஏழு பேர் இருக்கிறார்கள், குறை இருந்தால் அவர்கள் பிடிப்பார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். சொல்லியிருந்தால் மறுபடி களஞ்சியம்தான். ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார என் முதுகு விடாது என்பது ஒரு காரணம். "தாஸைக் கூப்பிடுங்கள்" என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்பது பெரிய காரணம்.

இரண்டு கிழமை இரண்டு மாதமானது. காலையில் எழும்பியதும் சவர்க்காரத்தை முகர்வேன். கார்க் கதவைத் திறந்து இருக்கையை முகர்வேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடி மிசிசாகா போகும் வழியெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வசனம் தயாரிப்பேன். திரும்பி வரும்போது அதே வசனம் வாய்க்குள் இருக்கும்.

நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தாள்களை வாங்கும்போது மதாம் என் பின்னால் நின்றார்.

"தாஸ், உங்களுக்கு இப்போது எல்லா எண்ணெயும் நல்லதாகிவிட்டது."

பகிடியாகத்தான் சொன்னாரோ தெரியாது.

இரண்டு நாள் கழித்து வியாழன். மூன்றாவது கிண்ணம். வாயில் விட்டேன். கசப்பு மிகக் குறைவு, தொண்டையில் அந்தச் சின்ன உறைப்பு. லத்தீஃபாவின் எண்ணெய். அந்தக் கொன்ரெய்னர் வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கோடை வெயிலில் வாரக்கணக்கில் தங்கிவிட்டதென்று முதல் நாள் சாப்பாட்டு அறையில் கதைத்திருந்தார்கள். என் கணக்கு இப்படி ஓடியது. வெயிலில் நின்ற எண்ணெய் காறாமல் இருக்காது. மற்றவர்கள் கட்டாயம் காறல் என்று எழுதுவார்கள். நான் மறுபடியும் பூச்சியம் போட்டால் மதாம் கண்டுபிடித்துவிடுவார். காறல் என்ற கோட்டில் இரண்டரைச் சென்ரிமீற்றரில் ஒரு வெட்டுப் போட்டேன். அப்பிள் துண்டைக் கடித்துவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தேன்.

எட்டில் நாலு பேர் குறை எழுதியிருந்தோம்.

மதாமுக்கு அது பொருந்தவில்லை. "இரசாயனச் சோதனை சுத்தமாக இருக்கிறது. வாய் வேறு சொல்கிறது" என்றார். விதிப்படி அடுத்த நாள் வேறு இலக்கத்தில் மறுபடி வைத்தார். என் தொண்டை மறுபடி அடையாளம் கண்டது. நேற்று எழுதியதைத்தானே இன்றும் எழுத வேண்டும். மறுபடி நாலு. மதாம் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தட்டிச் சீராக்கினார். "வாய்தான் முடிவு" என்றார். எண்ணெய் தரம் இறக்கப்பட்டு, மலிவுக் கலவைக்குள் போனது. ஸ்ஃபாக்ஸுக்குக் கடிதம் போனது. தகப்பன் அதற்கு முந்திய வருடம் இறந்திருந்தார். கடிதம் லத்தீஃபாவின் பெயருக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து, மதாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். ஒரு படம். மஞ்சள் இயந்திரம் ஒன்று, அதன் முன்னால் வேரோடு சரிந்து கிடக்கும் மரம். வேர்ப்பக்கம் ஓர் அறை அளவு இருந்தது. படத்தோடு ஒரு சொல்லும் இல்லை.

"லத்தீஃபா அனுப்பியிருக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை. நீங்கள் அந்தத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதால் காட்டுகிறேன்" என்றார். பிறகு விளக்கினார். அவளுடைய அண்ணன் ஹேதிக்குப் பழைய மரங்களில் விருப்பமில்லை. அவற்றை வேரோடு கிளப்பிவிட்டு, புதிய முறையில் வேலிபோல நெருக்கமாக நட்டு, ஆழ்கிணறு தோண்டி, சொட்டு நீர் கொடுத்து, இயந்திரத்தால் பறிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தகப்பனும் மகளும் மறுத்துக்கொண்டே வந்தார்கள். வெளிநாட்டில் இந்த எண்ணெய்க்குப் பெயர் இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம். இப்போது அந்த வாதம் இல்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது தடவை தயாரித்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"மதாம், எனக்கு மணம் தெரியாது" என்றேன்.

"எதன் மணம்?"

"எதுவும்."

அவர் எழும்பினார். சுவைக்கும் அறைக்குள் போய் மூன்று நீலக் கிண்ணங்களோடு வந்தார். முகர்ந்தேன். மூன்றும் ஒன்றுதான். பிறகு சொன்னார், ஒன்று நல்லது, ஒன்று முற்றாகக் காறியது, ஒன்றில் மண்ணெண்ணெய் இரண்டு துளி.

"எவ்வளவு காலம்?"

"ஏழு மாதம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஏழு மாதத்துக் கிழமைகளை எழுதத் தொடங்கினார். என் தாள்கள் எல்லாம் இரத்து. ஒவ்வொரு எண்ணெயிலும் ஒதுக்கி வைத்திருந்த போத்தல்களை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்த வேலை ஒரு மாதம் நடந்தது. நான் கிண்ணம் கழுவினேன். மற்ற எண்ணெய்கள் எதிலும் முடிவு மாறவில்லை. நான் பூச்சியம் போட்ட இடங்களில் ஏழு மூக்குகள் சரியாக வேலை செய்திருந்தன. மாறியது ஒன்றே ஒன்று, என் வெட்டு இல்லாவிட்டால் மூன்று பேரோடு தப்பியிருக்க வேண்டிய லத்தீஃபாவின் எண்ணெய். அதை வெளியே வேறொரு குழுவுக்கும் அனுப்பினார்கள். குறை இல்லை என்று வந்தது. அந்த எண்ணெயோ எப்போதோ கலவைக்குள் கரைந்துபோயிருந்தது.

அந்த வெட்டை ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். "எல்லா எண்ணெயும் நல்லதாகிவிட்டது என்று அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் மதாம். "அது என் பிழை. நான் அவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் போய் வாயால் சொல்ல வேண்டும்."

விட்பியில் இருக்கும் மகள் விமானச் சீட்டைப் பதிந்து தந்தாள், எதற்கென்று முழுதாகக் கேட்கவில்லை. றெஜினா பெட்டி அடுக்கினாள்.

"போய் என்னெண்டு சொல்லப் போறியள்?"

"நடந்ததை."

"மனுசி ஏசினால்?"

"ஏசட்டும்."

"ஏசாட்டி?" என்றாள்.

தை மாதம். ஸ்ஃபாக்ஸில் அறுவடை முடிந்து கத்தரிக்கும் காலம். வாடகைக் கார் தோட்ட வாசலில் நின்றது. இடப்பக்கம் பழைய மரங்கள், முப்பது காலடிக்கு ஒன்றாக. வலப்பக்கம் கம்பி இழுத்து, முழங்கால் உயரக் கன்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக. கறுப்புக் குழாய்கள் மண்ணில் நீண்டு கிடந்தன. அதற்கு அப்பால் வெட்டிய அடிமரங்கள் குவிந்திருந்தன. அவற்றின் அடியிலிருந்த முண்டுகள் சிலவற்றில் பச்சையாகத் துளிர் வந்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன்.

லத்தீஃபா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். தலையில் துணி, கையில் கிளை அறுக்கும் சின்ன வாள். மதாமின் கடிதம் கிடைத்திருந்தது. என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார். அண்ணன் ஹேதியும் இருந்தார். பருத்த, மரியாதையான மனிதர். தேநீரில் பாதாம் போட்டுத் தந்தார். நான் கோப்பையைத் தொடாமல், கருவாட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வியாழக்கிழமையில், அந்தக் கோட்டில், எதற்காக வெட்டுப் போட்டேன் என்பதையும் சொன்னேன். உங்கள் எண்ணெயில் குறை இருக்கவில்லை, குறை எனக்கு, என்றேன்.

லத்தீஃபா தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேதிதான் முதலில் வாய் திறந்தார். என் தோளில் கை வைத்தார்.

"சகோதரரே, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? கன்றுகளுக்கு நான் கோடையிலேயே சொல்லிவைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் இயந்திரம் வந்திருக்கும். மனதைப் போட்டு அலட்டாதீர்கள். தேநீரைக் குடியுங்கள்."

எட்டு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. தேநீரைக் குடித்தேன். மிஞ்சிய பழைய மரங்கள் நிற்கும் பக்கம் என்னாகும் என்று கேட்டேன். அது தங்கச்சியின் பங்கு, அவள் இருக்கும்வரை அங்கே இயந்திரம் வராது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன் என்றார் ஹேதி. கதை அப்படி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

லத்தீஃபா கார்வரை கூட வந்தார். பழைய மரங்களின் பக்கமாகவே நடந்தோம். மூன்று பேர் ஏணிகளில் நின்று கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த கிளைகளை ஆடுகள் மேய்ந்தன. கார்க் கதவைத் திறக்கப் போனேன்.

"அண்ணன் சொன்னது பொய்" என்றார்.

நான் திரும்பினேன்.

"விருந்தாளி மனம் நொந்து போகக் கூடாதென்று சொன்னார். அவர் நல்லவர். ஆனால் நீங்கள் அதை நம்பிக்கொண்டு போகாதீர்கள்."

"கோடையில் கன்றுகளுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னார். அதற்கு முந்திய வருடமும் சொன்னார், அதற்கு முந்தியும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கனடாவிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் வைப்பேன். திரும்பிப் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வருவார். இந்தத் தடவையும் கடிதம் வந்தது. திறந்து வாசித்தேன். மேசையில் வைக்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபம் முகத்தில் இல்லை. களைப்புத்தான்.

"நீங்கள் வந்து சொன்னது சரி. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, மிஸ்யூ தாஸ். இதற்குமேல் கேட்காதீர்கள்."

ஏணியில் நின்ற ஒருவன் எந்தக் கிளை என்று சத்தமாகக் கேட்டான். லத்தீஃபா நிமிர்ந்து பார்த்து, "அது அடுத்த வருடத்துக்குரியது, விட்டுவிடு" என்று கத்தினார். பிறகு வாளைக் கையில் மாற்றிக்கொண்டு அவனை நோக்கி விரைந்து நடந்தார். சாரதி இரண்டாவது முறை ஹோர்ன் அடிக்கும்வரை நான் காருக்கு வெளியேதான் நின்றேன்.